நெருப்பில்லாமல்

கயானி ஊரில், ரயிலடிக்குப் பின்தெருவில்
செருப்புக்கு அடித்தோல் தைக்கிறேன்,
கார் சாவிக்கு பேட்டரி மாற்றுகிறேன்.
இங்கே இரண்டும் ஒரே கடைதான்.
ஏனென்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

இந்தக் குளிர்காலம் முழுக்க
வந்தவர்கள் எல்லாரும் ஒரே கதையைக் கொண்டுவந்தார்கள்.

பைன் காட்டு நடுவே ஒரு பெட்ரோல் நிலையம்.
கார் தானாகப் பூட்டிக்கொண்டது.
சாவி உள்ளே. குழந்தையும் உள்ளே.
நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த கணவன்
மாற்றுச் சாவியைப் போன் வாயில் வைத்து அழுத்தினான்.
அவள் தன் போனைக் கதவோடு ஒட்டிப் பிடித்தாள்.
டொக்.
திறந்தது.

தபால் கொண்டுவரும் இர்யா சொன்னபோது அது கூசமோவில் நடந்தது,
மைனஸ் முப்பது.
அடுமனைப் பெண் சொன்னபோது
குளிர் இன்னும் எட்டு டிகிரி இறங்கியிருந்தது,
குழந்தைக்கு இரட்டையாய் ஒரு தங்கை பிறந்திருந்தாள்.
கண் காது மூக்கெல்லாம் முளைத்த பிறகு
கதைக்குக் கம்பளித் தொப்பியும் மாட்டிவிட்டார்கள்.
அவளுக்குப் பெயர் மட்டும் யாரும் வைக்கவில்லை.

சாவியை உள்ளே விட்டால்
பூட்டமாட்டேன் என்று ஊரைக் கூட்டும் கார் அல்லவா அது,
என்றேன்.
நெருப்பில்லாமல் புகையாது, என்றார் இல்மாரி.
வாசலைக் காட்டினேன்.
மைனஸ் இருபத்தாறு.
தெருவில் போகிற ஒவ்வொரு வாயும்
நெருப்பில்லாமல்தான் புகைந்துகொண்டிருந்தது.

அவருக்குப் புரியும்படி சொல்லிப் பார்த்தேன்:
ரௌஹா அடுப்படியில் முய்க்கு மீன் பொரிக்கிறாள்,
நீங்கள் காட்டில் இருக்கிறீர்கள்.
சடசடவென்று பொரிவது போனில் கேட்கும்.
வாசனை வருமா?
சாவி பேசுவது அந்த வாசனை மாதிரி.
போனுக்கு அது ஏறாது.

இல்மாரி முப்பது வருஷம் மரம் வெட்டும் எந்திரம் ஓட்டியவர்.
ஒரு கிலோ காப்பித்தூள் பந்தயம், என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, சூப்பர் மார்க்கெட் வண்டித் தரிப்பிடம்.
ரௌஹா வீட்டில், மாற்றுச் சாவியோடு.
இவர் கையுறையைக் கழற்றிவிட்டு
போனைக் கதவுக்குக் காட்டினார்,
வைத்தியரிடம் நாக்கை நீட்டுகிற மாதிரி.
"அழுத்திட்டேன்" என்றது போன்.
"அழுத்திட்டேங்கறேன்."
"இன்னும் எத்தனை தடவை, அடுப்பில மீன் இருக்கு."
கார் இடித்த புளியாய் நின்றது.
சிக்னல் சரியில்லை என்றார் இல்மாரி.
காப்பித்தூள் இன்னும் வரவில்லை.

எனக்கு ஒன்றுதான் தெரியவேண்டும்:
அந்தப் பெண், போனை எடுப்பதற்கு முன்னால்,
மறுபக்கக் கதவை ஒருமுறை
இழுத்துப் பார்த்தாளா?

பிப்ரவரி கடைசியில் ஒருத்தி வந்தாள்.
இடது பூட்ஸின் குதிகால் போயிருந்தது.
ஒற்றைக் காலுறையோடு முக்காலியில் உட்கார்ந்து
மெதுவாகச் சொன்னாள்:
அது நான்தான்.
குழந்தை இல்லை, நாய்.
கதவு பூட்டவே இல்லை.
அவரும் நானும் மூன்று வாரமாய்ப் பேச்சில்லை.
கூப்பிட ஒரு காரணம் வேண்டியிருந்தது.

பசை காயும்வரை இருவரும் பேசவில்லை.
நல்ல கதை. முந்தியதைவிட நல்ல கதை.
அதனாலேயே அவள் மேசையில் வைத்த சாவியைப் பார்த்தேன்.
வெறும் இரும்பு.
பொத்தான் இல்லை, பேட்டரி இல்லை,
தொண்ணூறுகளில் வந்த ஏதோ வண்டி.

கேட்கவில்லை.
பன்னிரண்டு யூரோ, என்றேன்.
சில்லறையாய் எண்ணி வைத்தாள்.
எழுந்து போய்
என் கடைக் கதவைப் பிடித்து இழுத்தாள்,
மறுபடி இழுத்தாள்.

தள்ளுங்கள், என்றேன்.